லோடி திராட்சையில் ஒரு முரட்டுச் சிவப்பு ஒயின்: மூன்று வருடப் பதிவு

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் வடக்கு கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள் அந்த வெயிலை மறந்திருக்க மாட்டார்கள். சாக்ரமென்டோவில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது. நம் கணக்கில் கிட்டத்தட்ட 47. சாக்ரமென்டோவுக்குத் தெற்கே இருக்கும் லோடியில், வீட்டில் ஒயின் செய்பவர்களுக்குச் சில்லறையாகத் திராட்சை கொடுக்கும் தோட்டக்காரர் ஒருவர், அந்த வாரம் இரண்டு முறை போன் செய்துவிட்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, பேசிய தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து எடுத்துப் போ என்றார். ஃப்ரீமான்ட்டிலிருந்து அதிகாலையில் கிளம்பி, ஒன்றரை மணி நேரத்தில் தோட்டத்தில் நின்றேன்.

நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். எங்களுக்குத் திராட்சை என்றால் பந்தல்தான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்திருக்கும். குனிந்து நடந்தாலும் பன்னீர் திராட்சைக் குலை நெற்றியில் இடிக்கும். வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். லோடியின் பழைய கொடிகளுக்குப் பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. இடுப்பு உயரத்துக்கு முறுக்கேறிய அடிமரம், அதன் உச்சியிலிருந்து நாலு பக்கமும் நீளும் கைகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் செடியாக மணலில் நிற்கும். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கி, வருடத்துக்கு ஒரே ஒரு முறை காய்க்கும். வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சிக்கு மணல் ஆகாது. அதனால்தான் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள் இங்கே மிஞ்சியிருக்கின்றன. லோடியில் 1886-ல் நட்ட சின்சோ ரகக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

வாங்கியது மூன்று ரகம். ஜின்ஃபாண்டல் 90 கிலோ, கரின்யான் 40 கிலோ, பெட்டீட் சிரா 20 கிலோ. பழைய கலிஃபோர்னியத் தோட்டங்களில் இந்த மூன்றையும் ஒன்றாகவே நட்டு, ஒன்றாகவே பறித்து, ஒரே தொட்டியில் போடுவார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் வீட்டுத் தேவைக்குப் பிழிந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. கிழக்கே இருந்த நகரங்களுக்கு ரயில் ரயிலாகப் போன திராட்சையில் ஜின்ஃபாண்டலும் கரின்யானும் முக்கியமானவை. தினமும் சாப்பாட்டு மேசைக்கு வரும் முரட்டுச் சிவப்பு ஒயின், எனக்கு வேண்டியதும் அதுதான். இப்போது ஒரு வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் வருடத்துக்கு 200 காலன் வரை செய்துகொள்ளலாம், விற்கக் கூடாது. நான் செய்தது 25 காலன்கூட இல்லை.

ஜின்ஃபாண்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெகுகாலம் இதைக் கலிஃபோர்னியாவின் சொந்தப் பழம் என்றே நினைத்திருந்தார்கள். 2001-ல்தான் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கரோல் மெரிடித்தும் குரோஷிய ஆய்வாளர்களும் மரபணு ஒப்பிட்டு, இது குரோஷியக் கடற்கரையில் சில செடிகளாக மட்டும் மிஞ்சியிருந்த ஒரு பழைய ரகம் என்று நிறுவினார்கள். எந்த ஊர்ப் பழமாக இருந்தாலும் குணம் மாறவில்லை, ஒரே சீராகப் பழுக்காது. ஒரே குலையில் பச்சைக் காய், பழுத்த பழம், உலர்ந்து சுருங்கிய திராட்சை மூன்றும் இருக்கும். அந்த வருட வெயிலில் உலர்ந்தவை அதிகம். பிழிந்த அன்று சாறு 25.5 பிரிக்ஸ் காட்டியது, அதாவது எடையில் ஏறக்குறைய அத்தனை சதவீதம் சர்க்கரை. நல்ல அளவுதானே என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் உலர்ந்த பழமெல்லாம் சாற்றில் ஊறிச் சர்க்கரையை இறக்கிவிட்டிருந்தது, அளவு 27.8. அப்படியே விட்டால் 16 சதவீத ஆல்கஹாலில் போய் நிற்கும், இல்லையென்றால் ஈஸ்ட் பாதியில் செத்துப்போகும். 6 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் டார்டாரிக் அமிலம் கரைத்து ஊற்றி 25-க்கு இறக்கினேன். வெறும் தண்ணீர் ஊற்றினால் புளிப்பும் நீர்த்துவிடும், அதற்காகத்தான் அமிலம். முதல் முறை செய்பவர்கள் ஜின்ஃபாண்டலைப் பிழிந்த அன்றே அளந்து முடிவெடுக்க வேண்டாம்.

கரின்யான் இரண்டு வாரம் கழித்து வந்தது, 23.5 பிரிக்ஸ், நல்ல புளிப்பு. பெட்டீட் சிரா சின்னச் சின்னப் பழம், தடித்த தோல். சாற்றைவிடத் தோலும் விதையும்தான் அதிகமோ என்று தோன்றும். தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன, அதனால் 20 கிலோவே ஏராளம்.

மூன்றையும் தனித்தனித் தொட்டியில் நொதிக்க விட்டேன். பழைய முறைப்படி ஒன்றாகப் போடாததற்குக் காரணம், தனித்தனியாகச் சுவைத்துப் பழக ஆசைப்பட்டதுதான். நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே வந்து கெட்டியாக அடைத்துக்கொள்ளும். காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று வேளையும் அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும். அமுக்கும்போது கீழிருந்து சூடான ஆவி முகத்தில் அடிக்கும். தோல் அடைப்புக்குள் 31 டிகிரி, ஒரு விரற்கடை கீழே சாற்றில் 27.

நாலாம் நாள் பெட்டீட் சிராவில் கூமுட்டை வாடை வந்தது. ஈஸ்டுக்கு நைட்ரஜன் ஊட்டம் போதாவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும். ஊட்டம் கொஞ்சம் சேர்த்து, பிழிந்த பிறகு காற்றுப் படும்படி மேலிருந்து சலசலவென்று ஊற்றி மாற்றினேன். பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்த வாடைதானா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. 1982-க்கு முந்தைய அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் 95 சதவீதம் செம்பு. அதைத் தேய்த்துக் கழுவி, ஒரு கிளாஸ் ஒயினில் போட்டுச் சுழற்றி முகர்ந்தால், சல்ஃபைடாக இருந்தால் வாடை அடங்கிவிடும். அடங்கியது. அந்த கிளாஸைக் கீழே கொட்டிவிட்டேன், சோதனைக்குத்தான் அது, குடிக்க அல்ல. இன்னொரு முறை காற்றுப் பட மாற்றியதும் ஒயின் சரியானது.

அப்புறம் மாலோலாக்டிக் நொதித்தல். பச்சை ஆப்பிள் போலக் கூர்மையாக இருக்கும் மாலிக் அமிலத்தை ஒரு பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். நவம்பர், டிசம்பரில் கராஜ் 12 டிகிரிக்கு இறங்கியதால் அது அப்படியே நின்றுபோனது. குடுவைகளைத் தூக்கி வீட்டுக்குள் துணி அலமாரியில் வைத்தேன். முடிந்ததா என்று பார்க்கும் காகிதச் சோதனையை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தடித்த தாளின் அடியில் பென்சில் கோடு போட்டு, மெல்லிய குழாயால் ஒவ்வொரு ஒயினிலும் ஒரு துளி, பக்கத்தில் ஒப்பிடுவதற்கு மாலிக், லாக்டிக், டார்டாரிக் கரைசல்களில் ஒவ்வொரு துளி. தாளைச் சுருட்டி மூடிய ஜாடியில் கரைப்பான் மேல் நிற்க வைத்தால், திரவம் தாளில் மெல்ல ஏறும், அமிலங்களும் கூடவே ஏறும். ஆறேழு மணி நேரம் கழித்து எடுத்து, கராஜில் கொடி கட்டிக் காயப்போட வேண்டும். வாடை வீட்டுக்குள் தாங்காது. ஈரத்தில் மஞ்சளாக இருக்கும் தாள் காயக் காய நீலப்பச்சையாகும். அதில் மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். கீழே டார்டாரிக், நடுவில் மாலிக், மேலே லாக்டிக். ஜனவரி கடைசியில் எடுத்த தாளில் நடுப்புள்ளி இருந்த இடம் மூன்று ஒயினுக்கும் வெறும் நீலம். உடனே வண்டலிலிருந்து வடித்து மாற்றி, 23 லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் ஒயினைக் கெடாமல் காக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டேன், லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு.

2023 ஏப்ரலில் கலவை பார்க்க உட்கார்ந்தோம். நான், என் மனைவி, காரைக்காலிலிருந்து வந்து இங்கே இருக்கும் ஒரு நண்பன். 100 மில்லி அளவுக் குழாய், கிளாஸ்கள், அடியில் ஒட்டிய எண்கள். ஜின்ஃபாண்டல் தனியாகக் குடித்தால் முதல் மடக்கு அருமை. இலந்தை வடை, கருப்பட்டி, கொஞ்சம் மிளகு. விழுங்கியதும் ஒன்றுமில்லாமல் காலியாகிவிடும். கரின்யானில் புளிப்பு தூக்கல், வாசனை குறைவு, வாயைச் சுத்தமாகத் துடைத்துவிடும். பெட்டீட் சிரா மை மாதிரி. கிளாஸைச் சாய்த்தால் ஓரம்கூட ஊதாதான். ஒரு வாய் வைத்ததும் நண்பன், "டேய், இது கொட்டைப்பாக்கை மென்ன மாதிரி இருக்குடா" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மூன்று வருடமும் கூட வந்தது. துவர்ப்பைத் தரும் பொருள் டானின். ஆங்கில ஒயின் புத்தகங்கள் அதைச் சுவை என்று சொல்வதில்லை, நாக்கில் படும் ஒரு உணர்வு, வறட்சி என்பார்கள். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது, அதுதான் காரணம் என்கிறார்கள். அறிவியல் சரிதான். ஆனால் நமக்கு அறுசுவையில் ஒன்று துவர்ப்பு. நாவற்பழத்தையும் வாழைப்பூவையும் கடுக்காயையும் அந்தச் சுவைக்காகவே சாப்பிடுகிறோம். துவர்ப்பைக் குறையாகப் பார்க்காமல், சுவையாக எடைபோடப் பழகிய நாக்கு நம்முடையது. நான் அதை மறந்துவிட்டுத்தான் அடுத்த தவறைச் செய்தேன்.

பெட்டீட் சிரா இல்லாத கலவை ஜாம் போலத் தித்தித்து முடிந்தது. 20 சதவீதம் சேர்த்ததில் மற்ற இரண்டும் காணாமல் போயின. 10 சதவீதத்தில் மூன்றும் நின்றன. சுமார் 50 லிட்டர் ஜின்ஃபாண்டல், 24 லிட்டர் கரின்யான், 8 லிட்டர் பெட்டீட் சிரா கலந்து மூன்று 23 லிட்டர் குடுவையிலும் ஒரு 11 லிட்டர் குடுவையிலும் நிரப்பினேன். ஆல்கஹால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல். மிச்சம் 4 லிட்டர் பெட்டீட் சிராவை அவ்வப்போது குறை நிரப்புவதற்காக ஒரு ஜாடியில் வைத்தேன்.

கலந்து இரண்டு மாதம் கழித்துச் சுவைத்தால், கலக்கும்போது இருந்ததைவிடக் கரடுமுரடாக இருந்தது. பதற்றப்பட்டேன். முதல் குடுவைக்கு முட்டை வெள்ளைக்கரு, இரண்டாவதற்கு ஓக் கட்டைத் துண்டுகள், மூன்றாவதையும் சின்னதையும் தொடாமல் விடுவது என்று பிரித்தேன். முட்டைக்கரு வேலை செய்வதும் எச்சில் வேலை செய்வதும் ஒரே வழியில்தான். புரதம் டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். 225 லிட்டர் பீப்பாய்க்கு 5 முதல் 8 முட்டை வரை போடுவது வழக்கம், அந்தக் கணக்கில் என் குடுவைக்கு முக்கால் முட்டைக்கரு போதும். நான் இரண்டு போட்டேன். உப்புக் கலந்த நீரில் நுரை வராமல் கலக்கி மெதுவாக ஊற்றினேன், பத்து நாளில் அடியில் வெண்பழுப்பு வண்டல், மேலே கண்ணாடி போல ஒயின். இரண்டாவதில் நடுத்தரமாக வறுத்த பிரெஞ்சு ஓக் துண்டுகள் 60 கிராம், பத்து வாரம்.

அக்டோபர் 2023. மூன்றையும் கண்ணை மூடிக் குடித்தோம். மூன்று பேருக்கும் முட்டை போட்ட முதல் குடுவைதான் பிடித்தது. மெத்தென்று, குற்றமில்லாமல் இருந்தது. இரண்டாவதில் வெனிலாவும் லேசான புகையும். மூன்றாவது வாயை இழுத்தது. நோட்டில் 'மூன்றாவதற்கும் முட்டை போடலாமா?' என்று எழுதியிருக்கிறேன். நல்லவேளை, அந்த மாதம் வேலையில் நேரம் கிடைக்கவில்லை.

அதற்கு முன் ஆகஸ்டில் வேறொரு சேதம் நடந்திருந்தது. குறை நிரப்ப வைத்திருந்த பெட்டீட் சிரா ஜாடியைத் திறந்து திறந்து ஊற்றியதில் பாதி காலி. அந்தக் காலி இடத்தில் காற்று. வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுக்கும் ஏர்லாக் மூடியில் இருந்த தண்ணீரும் கராஜ் சூட்டில் வற்றிவிட்டது. திறந்தபோது மேலே மெல்லிய வெள்ளை ஏடு, மூக்கில் நகப்பூச்சு வாடை. காடியாகத் திரும்பிவிட்டது. அதை மற்ற குடுவைகளில் ஒரு சொட்டும் சேர்க்காமல் கொட்டினேன். பெரிய குடுவையைக் கழுத்து வரை நிரப்பி வைப்பதில் காட்டிய அக்கறையைச் சின்ன ஜாடிக்கும் காட்டியிருக்க வேண்டும். இப்போது குறை நிரப்பும் ஒயினை 750, 375 மில்லி பாட்டில்களில் வாய் வரை நிரப்பி வைக்கிறேன். ஒன்றைத் திறந்தால் அன்றே தீர்த்துவிடலாம். குடுவைகளும் அந்த வாரமே மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரிக்குப் போய்விட்டன. அங்கே கோடையிலும் 21 டிகிரியைத் தாண்டாது.

மே 2024-ல் பாட்டிலில் அடைத்தோம். முதல் குடுவையில் 28, இரண்டாவதில் 29, மூன்றாவதில் 30, சின்னதில் 14. அடைத்த அன்று மூன்றுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அடைத்தவுடன் ஒயின் கொஞ்ச நாள் ஊமையாகிவிடும், அதனால் அந்தத் தீர்ப்பை நம்பவில்லை.

நவம்பர் 2024. ஆட்டுக்கறிச் சுக்கா, மூன்று பாட்டில், அடியில் எண் ஒட்டிய கிளாஸ்கள். முதலில் நிறத்தைப் பார்த்தேன். வெள்ளைத் தாள் மேல் சாய்த்தால் முட்டை போட்டதின் ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, தொடாமல் விட்டதின் ஓரம் இன்னும் செம்மாதுளை. டானின் நிறப்பொருளோடு பிணைந்து நிறத்தை நிறுத்துகிறது, காற்றின் அடியையும் தாங்குகிறது. அதை நான் வழித்தெடுத்துவிட்டதால் அந்த ஒயின் சீக்கிரம் மூப்படைந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் முன் எல்லோருக்கும் பிடித்த கிளாஸைக் குடித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இது புளி விடாத ரசம் மாதிரி இருக்குங்க. வாசம் இருக்கு, ஆனா பிடிமானம் இல்லை." ஓக் போட்டது அதற்கு நேர்மாறு. எந்த ஊர் ஒயின் என்று சொல்ல முடியாதபடி கட்டை வாசனை முன்னால் வந்து நின்றது. லோடி மணலும் அந்த வெயிலும் அதில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது கிளாஸ். துவர்ப்பு போகவில்லை, இடம் மாறியிருந்தது. முன்பு நாக்கின் நுனியிலேயே பிடித்து இழுத்தது, இப்போது முதலில் நாவற்பழமும் கருப்பட்டியும் வந்து, அவை அடங்கும் நேரத்தில் ஈறுகளின் ஓரத்தில் மெல்ல ஏறியது. ஒரு துண்டு கறி தின்று மறுபடி குடித்தால் அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. கறியின் புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொள்கின்றன. முட்டைக்கருவைக் குடுவைக்குள் போட்டுச் செய்த வேலையைத் தட்டில் இருந்த ஆட்டுக்கறி செய்தது, அதுவும் அந்த ஒரு வாய்க்கு மட்டும். அடுத்த வாய்க்கு ஒயினில் துவர்ப்பு முழுசாக இருந்தது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒயினுக்கு முரட்டுத்தனம் ஏன் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் நாக்கில் புரிந்தது.

சமையலைப் பற்றி ஒரு குறிப்பு. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், டானின் அதை இன்னும் கசப்பாக்கும். நான் இந்த ஒயினுக்கென்று சுக்கா செய்யும்போது காய்ந்த மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கூட்டுகிறேன். மிளகு வாசனை ஜின்ஃபாண்டலிலேயே கொஞ்சம் இருப்பதால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பாட்டிலைக் குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 17 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கலிஃபோர்னியக் கோடையில் அறைச் சூட்டில் குடித்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

செப்டம்பர் 2025-ல், பழம் வாங்கிய அதே தேதியில் மூன்றாவதைத் திறந்தேன். அடியில் பிசிறு போல வண்டல் படிந்திருந்தது, டானினும் நிறமும் சேர்ந்து கனத்து இறங்கியது. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெதுவாகக் கூஜாவுக்கு மாற்றி, ஒரு மணி நேரம் விட்டேன். உலர்ந்த அத்திப்பழம், காய்ந்த புகையிலை, பழைய நாவற்பழம். புளிப்பு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, அது கரின்யானின் தயவு. முட்டை போட்டதில் மிச்சம் இருக்கும் ஐந்து பாட்டிலை இந்த வருடத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும். தொடாததில் சின்னக் குடுவையும் சேர்த்து 26 பாட்டில் இருக்கின்றன. அவற்றில் பன்னிரண்டை 2028 வரை தொடுவதில்லை என்று அட்டைப்பெட்டியின் மேலேயே, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டிவிட்டேன்.

இந்த வருடம் கரின்யான் 60 கிலோ, ஜின்ஃபாண்டல் 60, பெட்டீட் சிரா 15. மூன்றையும் இந்த முறை ஒரே தொட்டியில் போட்டேன். கரின்யான் பழுக்கும்வரை மற்ற இரண்டையும் கொடியிலேயே விட்டிருந்தார் தோட்டக்காரர், இந்த வருடம் வெயில் அதற்கு இடம் கொடுத்தது. பிழிந்து மூன்று வாரம் ஆகிறது, குடுவைகள் படிக்குக் கீழே இருக்கின்றன. நேற்று காயப்போட்ட தாளில் நடுப்புள்ளி இன்னும் மஞ்சளாகத்தான் தெரிகிறது.